சங்கவியின் சம்மதம்

மருந்து ஏற்றுவது எப்படி, ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது என்பதையெல்லாம் இளம் வைத்தியர்களான உங்களுக்குப் படிப்பித்துத்தான் இந்தப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைத் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். நான் கடைசி வருடங்களில் எங்கள் மாவட்ட வைத்தியசாலையின் சின்னப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் பொறுப்பான தாதியாக இருந்தேன். அந்தக் காலத்தில் எங்களிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளையைச் சங்கவி என்றும் தாயை விஜி என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கவிக்கு அப்போது பதினாறு வயது. வற்றாப்பளைப் பக்கம் வீடு. யுத்தத்தின் கடைசி மாதங்களில் விழுந்து வெடித்த ஒரு செல் தகப்பனைக் கொன்றது. அதே செல்லில் விஜிக்கு ஒரு கால் முழங்காலுக்கு மேலே போனது. விஜியின் இடுப்பில் இருந்த சங்கவிக்குத் தொடையில் ஒரு சின்னக் காயம். முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, விஜி பொய்க்காலைப் போட்டுக்கொண்டு முல்லைத்தீவில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மில் முதலாளி, இடம்பெயர்ந்து போய்ப் பல வருடங்களின் பின் திரும்பி வந்த முஸ்லிம் வியாபாரி. அவரின் வான் வண்டியில்தான் தாயும் மகளும் முதல்முறை எங்களிடம் வந்தார்கள்.

சங்கவிக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வீக்கம். நடந்தால் நோவு. எங்கள் பக்கத்தில் உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் சனம் முதலில் சொல்வது, "பீஸ் கிடக்குது" என்பதுதான். உள்ளே செல் துண்டு இருக்கிறதாம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சங்கவியின் பழைய தழும்பும் அந்த இடத்தில்தான் இருந்தது. "சின்னனில பட்ட பீஸ் இப்ப அசையுது போல கிடக்கு டொக்டர், கீறி எடுத்து விடுங்கோ" என்றுதான் விஜி கேட்டாள்.

எங்கள் வைத்திய அதிகாரி வயதில் இளையவர். அன்றைக்கு நல்ல கூட்டம். கீறி எடுப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை. ஆனாலும் அவர் கத்தியைத் தொடவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் இரும்புத் துண்டு எதுவும் இல்லை. எலும்புதான் அரித்துப்போய்க் கிடந்தது. அவர் படத்தை என்னிடம் நீட்டினார். இன்னதென்று தெரியாத கட்டியில் நாங்கள் கத்தியை வைத்தால், பிறகு காலைக் காப்பாற்ற வருகிறவர்களின் வழியை நாங்களே அடைத்துவிடுவோம். அன்று அவர் செய்தது சரி. பின்னால் இந்தக் கதையில் அவர் என்னோடு கோபப்படும் இடம் வரும். அப்போது இதையும் நினைவில் வைத்திருங்கள்.

தெற்கில், எலும்பிலும் தசையிலும் வரும் புற்றுநோய்க்கென்றே ஒரு சிறப்புக் குழு இருந்தது. சங்கவியை அங்கே அனுப்பினோம். எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய் என்று உறுதியானது. மருந்தேற்றல் அங்கே நடக்கும். இடையில் வீட்டுக்கு வரும் நாட்களில் இரத்தம் பார்ப்பதும் காய்ச்சலைக் கவனிப்பதும் எங்கள் வேலை. மருந்து முடிய, நோயுள்ள எலும்பை எடுத்துவிட்டு உலோக எலும்பு வைத்துக் காலைக் காப்பாற்றலாம் என்று அந்தக் குழு நம்பியது. தலைமுடி முழுக்கக் கொட்டிப்போன அந்தப் பிள்ளை ஊன்றுகோலில் எங்கள் வாசலில் ஏறும்போதே, "மிஸ்ஸி, எனக்கு இரும்புக் கால் வரப்போகுது, பொலிஸ்காரர் மெசினால சோதிச்சா சத்தம் போடும்" என்று சிரிப்பாள். அவளோடு நாங்களும் சிரிப்போம்.

ஆனால் அடுத்த ஸ்கான் வேறு கதை சொன்னது. மருந்துக்குக் கட்டி சுருங்கவில்லை. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. காலைக் காப்பாற்ற வழியில்லை. தொடையின் மேற்பகுதியில் வெட்டியெடுக்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

அதைச் சொல்ல அந்தக் குழுவின் சத்திரசிகிச்சை நிபுணர் எங்கள் பிரிவுக்கு வீடியோ அழைப்பில் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்துவார். என் வாயைப் பார்க்க மாட்டார், பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சங்கவி தலையை ஆட்டிக் கேட்டாள். அழுவாள் என்று நான் ஒரு துவாயை மடியில் வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"வெட்டட்டும் மிஸ்ஸி," என்றாள். "அம்மாவுக்கும் கால் இல்லைத்தானே. அம்மா என்ன, நடக்காமலா இருக்கிறா? நாள் முழுக்க மில்லில நிக்கிறா. கோயிலுக்கு நடந்து போறா. ஒரு நாளும் நோகுதெண்டு சொன்னதில்லை. நானும் அப்பிடி இருப்பன்."

இதை நான் சிங்களத்தில் சொன்னதும் நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் வைத்திய அதிகாரி பிள்ளையின் தோளில் தட்டினார். அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியது. விஜி மட்டும் எழுந்து வெளியே போனாள். கண்ணாடி யன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். தாய் மனம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

நோயாளி சம்மதித்து 'ஓம்' என்று சொல்லும்போது எங்களுக்கு வருகிற அந்த ஆறுதலைப் பற்றி ஒரு வார்த்தை. அது எங்களுடைய ஆறுதல். நோயாளிக்கு அதே ஆறுதல் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் நாங்கள் யாரும் பார்ப்பதில்லை.

சங்கவி தெற்கே போய் அனுமதியாக வேண்டிய நாள் வந்தது. அவர்கள் போகவில்லை. வைத்திய அதிகாரி தொலைபேசி எடுத்தார். விஜிதான் கதைத்தாள்.

"எங்கட கோயிலில வைகாசிப் பொங்கல் வருகுது டொக்டர். அம்மாளுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். பொங்கல் முடியட்டும், கூட்டிக்கொண்டு போறன்."

அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மிஸ்ஸி, மற்றத் தாய்மார் பயப்பட்டா எனக்கு விளங்கும். ஒரு காலோட இத்தனை வருசம் வாழுற மனிசிக்குமா விளங்கேல்ல? பிள்ளையே ஓமெண்டு சொல்லிட்டுது. கட்டி பொங்கல் முடியும் வரைக்கும் காத்துக்கொண்டு நிக்குமோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டரில் அந்த இடத்தை எதிர்பார்த்து இன்னொரு நோயாளி காத்திருப்பார். கட்டியும் காத்திருக்காது. சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற விஜியை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன். பொங்கல் காரணமில்லை என்று எனக்குப் பட்டது.

"ஒருக்கா நான் போய்ப் பாத்திட்டு வாறன் டொக்டர். அதுக்குப் பிறகு நீங்கள் யாருக்கு அறிவிக்கோணுமோ அறிவியுங்கோ," என்றேன்.

"கூட்டிக்கொண்டு வருவீங்களோ?"

"கதைச்சுக்கொண்டு வருவன்."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டார். காயம் கட்டும் சாமான்கள் இருந்த பையை வழக்கம்போலத் தோளில் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டியில் போனேன். வைகாசி வெயில் நந்திக்கடல் பக்கம் கண்ணைக் கூசவைத்தது. கோயிலடியில் ஒலிபெருக்கி கட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வீதியில் தோரணத்துக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த பொடியள் எனக்கு வழி விட்டார்கள்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. சங்கவி அறையில் நித்திரை. விஜி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"டொக்டர் அனுப்பினவரோ?"

"நானாத்தான் வந்தனான். விஜி, பொங்கல்தான் காரணமெண்டா சொல்லும், நான் இப்பவே திரும்பிப் போறன்."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. அந்தப் பாதி முடிந்தது. மற்றப் பாதியைக் கையில் எடுத்தவள் அதைத் துருவாமல் கீழே வைத்தாள். எழும்பிப் போய் மகளின் அறைக் கதவுச் சீலையை இழுத்து மூடிவிட்டு வந்தாள். கதிரையில் இருந்து, சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, பொய்க்காலைக் கழற்றினாள்.

எங்கள் பிரிவுக்கு மகளோடு எத்தனையோ தடவை வந்தவள். அந்தக் காலை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை. எஞ்சிய காலின் முனையில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. பொய்க்காலின் விளிம்பு அழுத்துகிற இடத்தில் ஒரு புண், பழசு. புண்ணைச் சுற்றி மிளகாய்த்தூளின் சிவப்பு, தோலில் ஊறியிருந்தது.

"இது காயுறேல்ல மிஸ்ஸி," என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "மாரி முழுக்க இப்பிடித்தான். மில்லில தூள் பறக்கும். உள்ளுக்க போனா எரியும். வாயைத் திறக்காம நிப்பன்."

"ஏன் எங்களிட்டக் காட்டேல்ல?"

"காட்டினா பிள்ளை கேக்கும்." விஜி புண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவள் படுத்த பிறகுதான் நான் காலைக் கழட்டுறது. அவள் எழும்ப முதல் போட்டுடுவன். கக்கூசில எத்தினை தரம் விழுந்திருப்பன், ஒண்டும் சொன்னதில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை, தாயும் ஏலாதவ எண்டு நினைக்கக் கூடாதெண்டுதான். அண்டைக்கு அவள் ஓமெண்டு சொன்னது என்ர காலைப் பாத்தில்லை மிஸ்ஸி. நான் இவ்வளவு காலமும் சொன்ன பொய்யைப் பாத்து. அதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

நான் அவள் முன்னால் நிலத்தில் இருந்தேன். அந்த இடத்தில் எனக்கு ஒரு சுகமான வழி இருந்தது, உங்களிடம் மறைக்கத் தேவையில்லை. இப்போது வரும் பொய்க்கால்கள் முந்தி வந்தவை போலில்லை, பிள்ளைக்கு நல்லதாகப் பொருத்துவார்கள், அவளுக்கு இந்தப் புண்ணெல்லாம் வராது என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. விஜி நம்பியிருப்பாள், கையெழுத்தும் வைத்திருப்பாள். பிள்ளையின் 'ஓம்' ஏற்கனவே எங்கள் கையில் இருந்தது. பின்னேரத்துக்குள் அவர்களை வாகனத்தில் ஏற்றியிருக்கலாம்.

ஆனால் வெட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் நோயாளர் வாட்டில் பார்த்திருக்கிறேன். லேசாக இருக்கும் என்று நம்பிக் கண் விழித்தவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். அந்த நோவு வரும்போது தங்களை எல்லோரும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். இந்த நோய்க்கு வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும், அதை இடையில் விட்டால் வெட்டியதும் வீண். சங்கவியின் 'ஓம்' அந்த மாதங்கள் முழுக்கத் தாங்க வேண்டும். அந்த 'ஓம்' நின்றுகொண்டிருந்த தரை எதுவென்று இப்போது நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

"பிள்ளைக்குச் சொல்லும் விஜி," என்றேன். "எனக்குச் சொன்னதை அப்பிடியே."

"சொல்லி, அவள் மாட்டனெண்டா?"

"மாட்டனெண்டா பேந்து கதைப்பம்," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பலமில்லாத பேச்சு என்று எனக்கே கேட்டது.

நாங்கள் கதைத்த சத்தத்தில் சங்கவி எழும்பிவிட்டாள். ஊன்றுகோல் நிலத்தில் ஊன்றும் சத்தம் கேட்டது. விஜி பதறித் துவாயை எடுத்துத் தொடையை மூடினாள். சங்கவி சீலையை விலக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கழற்றிக் கிடந்த பொய்க்காலைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

விஜி என்னைப் பார்க்கவில்லை. துவாயை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு சொன்னாள். அழாமல், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். புண்ணைப் பற்றி. மழையில் வழுக்குவதைப் பற்றி. இல்லாத கால்விரல்கள் இறுக்கிப் பிடித்ததுபோல நோகும், தடவிவிட அங்கே விரல் இருக்காது என்பதைப் பற்றி. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள் முதலில் முகத்தைப் பார்த்துப் பிறகு காலைப் பார்ப்பதைப் பற்றி. முகாமில் சங்கவி தூக்கச் சொல்லிக் கையை நீட்டி அழுதபோது எழும்பித் தூக்க முடியாமல், நிலத்தில் இருந்து அவளை இழுத்து மடியில் போட்டதைப் பற்றி.

சங்கவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ஏன் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"நீ பயப்படுவாயெண்டு."

"நான் எல்லாருக்கும் சொன்னனான். அம்மாவுக்கு ஒண்டுமில்லை, எனக்கும் ஒண்டுமில்லையெண்டு டொக்டருக்கும் சொன்னனான்." அவளின் குரல் உடைந்தது. "என்னை விசரியாக்கிப் போட்டீங்கள். நான் மாட்டன். எனக்கு வெட்ட வேண்டாம்."

அறைக்குள் போனாள். சீலை விழுந்தது. கட்டிலில் விழுந்த சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. வைத்திய அதிகாரி. "என்ன மாதிரி மிஸ்ஸி? அங்கயிருந்து கேக்கினம். இடத்தை வைச்சிருக்கிறதோ, மற்ற நோயாளிக்குக் குடுக்கிறதோ?"

"டொக்டர், இப்ப பிள்ளையும் மாட்டனெண்டு சொல்லுறா."

"ஓமெண்ட பிள்ளையை மாட்டனெண்டு சொல்லவைக்கவோ போனீங்கள்?"

முற்றத்து வெயிலில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளையின் உயிர் போனால் அது இந்த ஒரு மத்தியானத்தினால்தான் போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது இன்றைக்கும் சில நேரம் வரும். நடந்ததை அப்படியே அவருக்குச் சொன்னேன். விஜியின் புண்ணைப் பற்றியும் சொன்னேன். அந்த நிபுணரிடமும் இதை மறைக்காமல் சொல்லி, ஒரு நாள் தர முடியுமா என்று கேட்கச் சொன்னேன்.

வைத்திய அதிகாரி திரும்ப எடுக்கும்போது அவரின் குரலில் கோபம் குறைந்திருந்தது. "நாளை மறுநாள் வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கலாமாம். அதுக்கு மேல ஏலாதாம். தியேட்டர் வாசலில வந்து மாட்டனெண்டு சொல்லுறதவிட, வீட்டில இருந்து சொல்லுறது நல்லதெண்டும் நிபுணர் சொன்னவர்."

அந்த நிபுணரை நான் அதன் பிறகும் நேரில் கண்டதில்லை. ஆனால் அன்று முற்றத்தில் நின்ற எனக்கு, தூரத்தில் ஒரு மனிதர் முதுகைத் தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது. நீங்களும் ஒரு நாள் அந்த நிபுணரின் கதிரையில் இருக்கக்கூடும். தூரத்தில் எங்கேயோ ஒரு முற்றத்தில் நிற்கிற தாதிக்கு அப்படி ஒரு பதில் சொல்லுங்கள்.

உள்ளே வந்தேன். விஜி அப்படியே இருந்தாள்.

"உங்கட கதையைக் கேட்டுப் பிள்ளையின்ர மனத்தையும் முறிச்சுப் போட்டன்," என்றாள்.

சொல்ல ஒன்றும் இல்லாத நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது. பையைத் திறந்து புண்ணைக் கழுவத் தொடங்கினேன். விஜி பல்லைக் கடித்தாள். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, "ஆ, மெல்ல மிஸ்ஸி" என்று கத்திவிட்டாள்.

சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "என்ன செய்யிறீங்கள்?"

"அம்மாவுக்குக் காயம் கட்டுறன்."

பிறகு: "இல்லாத விரல் எப்பிடி மிஸ்ஸி நோகும்?"

நான் காயத்தைக் கழுவிக்கொண்டே விளக்கினேன். கால் போனாலும் அதை நினைவு வைத்திருக்கிற நரம்பு தலைக்குள் இருக்கிறது என்றேன். அதற்கு மருந்து உண்டு, எல்லோருக்கும் முழுதாகக் கேட்காது என்றும் சொன்னேன்.

"சைக்கிள் ஓடலாமா?"

"நான் விழுந்தனான். அதோட விட்டிட்டன்," என்றாள் விஜி.

"ஓடுற ஆக்கள் இருக்கினம்," என்றேன் நான். "நீ ஓடுவாயோ எண்டு இப்ப எனக்குத் தெரியாது."

"கக்கூசில எப்பிடி இருக்கிறது?"

"கதிரை மாதிரிக் கக்கூஸ் வேணும். அதைக் கட்டித் தரச் சொல்லிக் கேப்பம். அம்மாவுக்கும் அது எப்பவோ கட்டியிருக்க வேணும்."

இப்படிக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் மேல்மாடி வகுப்புக்கு எப்படி ஏறுவது. கலியாணம் நடக்குமா. பொய்க்காலோடு கடலில் இறங்கலாமா. எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். சிலவற்றுக்கு விஜி சொன்னாள். முதன்முதலில் எங்களிடம் 'ஓம்' சொன்ன அன்று அந்தப் பிள்ளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு கட்டத்தில் சங்கவி வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. எங்கள் பக்கத்தில் இருந்து, நான் கேட்காமலே பிளாஸ்டரை வெட்டி வெட்டித் தந்தாள். தாயின் காலை முதல்முறையாக வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வெட்டாட்டி என்ன நடக்கும்?"

இதைத் தாயின் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. "நோய் பரவும். பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். போனா உன்னைக் காப்பாத்துறது கஷ்டம்."

"செத்துப்போவன்."

"ஓம்."

"வெட்டினா சாக மாட்டனோ?"

"அப்பிடிச் சத்தியம் செய்ய மாட்டன் பிள்ளை. வெட்டி மருந்தும் எடுத்தா, நீ இருக்கிறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல ஏலும்."

அவள் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்களிட்ட அப்ப ஆரும் கேட்டவையோ?"

"என்னட்ட ஆர் கேக்கிறது? பள்ளிக்கூடத்துக்குள்ள வைச்சிருந்த ஆஸ்பத்திரி. நிலமெல்லாம் ஆக்கள். நான் கண் முழிக்கேக்க கால் இல்லை."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

நான் காயத்துணியை முடிச்சுப் போடும்வரை விஜி யோசித்தாள்.

"நீ பக்கத்தில கிடந்து வீரிட்டுக்கொண்டு கிடந்தாய். கெதியா வெட்டுங்கோ, பிள்ளைக்குப் பசிக்குதெண்டு சொல்லியிருப்பன்."

சங்கவி தாயின் மடியில் முகத்தைப் புதைத்தாள். அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். அந்த அழுகைக்கு நான் தேவைப்படவில்லை. முற்றத்துக்குப் போய் நின்றேன்.

அவள் அன்று 'ஓம்' சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்காமலேதான் திரும்பினேன். அடுத்த நாள் காலையில் விஜியின் தொலைபேசியில் இருந்து அழைத்தாள். "மிஸ்ஸி, அந்தப் பெரிய டொக்டரோட நான் ஒருக்காக் கதைக்கோணும். நீங்கள் சிங்களத்தில சொல்லுங்கோ." மில் முதலாளியே வானில் கொண்டுவந்து விட்டார். வீடியோவில் அந்த நிபுணர் வந்ததும் சங்கவி கேட்ட முதல் கேள்வி, எந்த இடத்தில் வெட்டுவீர்கள், காட்டுங்கள் என்பது. அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி நின்று, தன் காற்சட்டைக்கு மேலாலேயே தொடையில் கையை வைத்துக் காட்டினார். அவள் தன் தொடையில் அதே இடத்தில் கையை வைத்தாள்.

"நோகுமெண்டு எனக்குத் தெரியும் எண்டு சொல்லுங்கோ மிஸ்ஸி," என்றாள். "நோகேக்க நான் கத்துவன் எண்டும் சொல்லுங்கோ. நான் வாறன்."

நான் மொழிபெயர்த்தேன். பக்கத்தில் நின்ற எங்கள் வைத்திய அதிகாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "விஜி அக்காவின்ர காயத்துக்கு ஒரு கிளினிக் நாள் போட்டுத் தாறன் மிஸ்ஸி," என்றார்.

பொங்கல் நாளில் அவர்கள் வற்றாப்பளையில் இல்லை, தெற்கே வாட்டில் இருந்தார்கள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்லவையாக இருக்கவில்லை. சங்கவி சொன்னபடியே கத்தினாள். அந்த வாட்டுத் தாதி ஒருத்தி, "உங்கட பிள்ளை வாட்டையே கிடுகிடுக்க வைக்கிறா" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். தாயோடு சண்டை பிடித்தாள், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள், ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டாம் என்று வாட்டை விட்டு வெளியே போய் வாசலில் இருந்தாள். யாரும் அவளை ஏமாற்றிவிட்டதாக மட்டும் அவள் சொல்லவில்லை. வாசலில் இருந்தவள் தானே திரும்பி வந்து கையை நீட்டினாள். மருந்து முழுவதையும் எடுத்து முடித்தாள்.

இன்றைக்கு அவள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். இதுவரை எடுத்த ஸ்கான்களில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. 'சுகம் வந்துவிட்டது' என்ற சொல்லை அவளோடு கதைக்கும்போது நாங்கள் இன்னும் எடுப்பதில்லை. அவளும் கேட்பதில்லை. ஒவ்வொரு ஸ்கானுக்கு முந்திய கிழமையும் விஜி சோறு தின்ன மாட்டாள். அதை நான் விஜியிடமிருந்தே அறிந்துகொண்டேன், இப்போதெல்லாம் அவள் சொல்கிறாள்.

மற்றவர்களின் சம்மதத்தை வாங்குவது உங்கள் தினசரி வேலையாகப் போகிறது. நல்ல மனத்தோடுதான் வாங்குவீர்கள். அவசரமும் இருக்கும், தியேட்டரில் இடம் போய்விடும், கட்டி வளரும். அந்த அவசரத்தை நான் இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் மிகச் சுலபமாக 'ஓம்' என்று சொன்னால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் என்னவென்று நினைத்து அதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதிலில் நீங்கள் விரும்பாத ஒன்று வரலாம். எனக்கு வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி, வவுனியாவில் பொய்க்கால் பொருத்தும் இடத்துக்கு அவர்களோடு போனேன். சங்கவிக்கு முதல் கால். அங்கே வேலை செய்த தம்பி, காலை மாட்டி அவளை எழுப்பி நிறுத்தி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டார். நாலடி வைத்ததும் நின்றாள். "இதில கடிக்குது அண்ணா," என்று தொடையின் உட்பக்கத்தைக் காட்டினாள். அவர் காலைக் கழற்றி அந்த இடத்தில் பென்சிலால் குறித்தார். அவள் சுவரோர வாங்குப் பலகையில் போய் இருந்தாள்.

அவர் விஜியின் காலைப் பார்த்தார். பழைய மாதிரிக் கால், விளிம்பு தேய்ந்திருந்தது.

"அக்கா, உங்களுக்கு இது எப்பிடி? கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே?"

விஜி வழக்கம்போலச் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நிறுத்தினாள்.

"நோகுது தம்பி," என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"துவக்கத்தில இருந்தே."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கழற்றச் சொன்னார். சங்கவி வாங்கில் ஒரு பக்கமாக ஒதுங்கித் தாய்க்கு இடம் விட்டாள்.